காணாமற்போன ரஜியா காசு

முப்பிடாதியம்மாளின் வலது தொடைக்குள் பதினாலு அங்குல நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. சயான் ஸ்டேஷனில் ஒரு மழைக்காலக் காலையில், நகரத் தொடங்கிவிட்ட வண்டியில் ஒற்றைக் காலை வைத்துப் பிடி நழுவி விழுந்ததில் எலும்பு இரண்டாகிப் போனது. ஆஸ்பத்திரியில் கம்பியைச் செருகி, மேலே இரண்டு கீழே இரண்டு என்று திருகாணி போட்டு நிமிர்த்திவிட்டார்கள். பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. வலி பழகிவிட்டது. படியேறும்போது காலை இழுத்துப் போடுவதும் பழகிவிட்டது. வேலை முடிந்து வெளியே வரும் வாசலில் அந்தக் கம்பியால் எழும் கூச்சல் மட்டும் இன்னும் பழகவில்லை.

செம்பூரிலிருந்து டிராம்பே போகிற சாலையில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. நினைவுக் காசுகள் அடித்துக் கொடுப்பது அதன் தொழில். கோயில் டிரஸ்ட், கல்லூரி, நூறு வருஷம் ஆன வங்கி என்று யார் ஆர்டர் கொடுத்தாலும் தங்கத்திலோ வெள்ளியிலோ அடித்துத் தருவார்கள். அடித்த காசை ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்து, நல்லதை நீல வெல்வெட் தட்டிலும் பழுதானதை உருக்குவதற்காகச் சிவப்புத் தட்டிலும் வைப்பதுதான் முப்பிடாதியின் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு மயிரிழைக் கீறலைக்கூட அவள் கண் விடாது. கால் ஒடிந்து ஐந்து மாதம் படுத்துக் கிடந்தபோது, முதலாளி பெரிய சேட் அவள் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. அந்த நன்றியிலேயே, அப்புறம் வந்த இரண்டு நல்ல வேலைகளை அவள் வேண்டாம் என்று சொன்னாள்.

அடிக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் எடை சரியாக வரும்வரை யாரும் வெளியே வர முடியாது. பையில்லாத சட்டை, பையில்லாத பைஜாமா. வளையல், கம்மல், ஹேர்பின் எதுவும் கூடாது. தாலிக்கொடியைக்கூட லாக்கரில் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துப் போட்டுக்கொள்வாள். வெளியே வரும்போது மெட்டல் டிடெக்டர் வாசல். மற்றவர்கள் நடந்தால் அது பேசாமல் இருக்கும். இவள் நடந்தால் அலறும். உடனே காவலுக்கு இருக்கும் மாலதி திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்து, டாக்டர் சீட்டு நம்பரை நோட்டில் எழுதி, “போங்கக்கா” என்பாள். தினமும் இது நடக்கும்.

போன ஆகஸ்டில் ரஜியா ஆர்டர் வந்தது. பெண்களுக்காகக் கல்லூரிகள் நடத்தும் ஒரு டிரஸ்டின் பொன்விழா. எண்ணூறு வருஷத்துக்கு முன் டெல்லியை ஆண்ட ரஜியாவின் பெயரில் முந்நூறு தங்கக் காசு கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் பத்து கிராம். ஒரு பக்கம் குதிரைமேல் ஒரு பெண், தலையில் குல்லா, கையில் கடிவாளம். மறுபக்கம் கொடிபோல வளைந்து ஓடும் அரபி எழுத்து.

பக்கத்து மேஜையில் காசைப் பிளாஸ்டிக் கூட்டில் அடைக்கும் நஸ்ரீன் கோவண்டிக்காரி. அவள்தான் எழுத்தை வாசித்துக் காட்டினாள். இருவரும் பேசிக்கொள்வது பம்பாய் இந்தியில்; முப்பிடாதி அவளுக்குத் தீதி, அதாவது அக்கா.

“சுல்தான்னு போட்டிருக்கு தீதி. சுல்தானான்னு இல்ல. சுல்தானான்னா ராஜா பொண்டாட்டின்னு அர்த்தம் ஆயிடும்னு அவளே சொல்லிட்டாளாம். ஸ்கூல்ல எங்க டீச்சர் சொன்னாங்க.”

“நிஜமாவே இப்பிடித்தான் இருந்தாளா மூஞ்சி?”

“யாருக்குத் தெரியும்? படம் கிடையாதாமே. வரைஞ்ச ஆள் தோணினத வரைஞ்சிருக்கான்.”

“எத்தனை வருஷம் ஆண்டா?”

“நாலுகூட முழுசா இல்ல. கூட இருந்த பெரிய மனுஷங்களே பிடிச்சுக் கோட்டையில போட்டுட்டாங்க.”

முப்பிடாதி சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த காசை எடுத்தாள். அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எங்கே போகவேண்டும் என்று தெரிந்த முகம்.

அந்த ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை மதியம், முதலாளியின் மகன் சின்ன சேட் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஏழெட்டுப் பேர் இருக்கும். காசு அடிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். முதலாளி வீட்டு ஆட்கள் வந்தால் டிடெக்டரை அணைத்துவிடுவது அங்கே வழக்கம். விருந்தாளிகள் முப்பிடாதியின் மேஜையைச் சூழ்ந்து நின்று, லென்ஸில் எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். அவர்களுக்கு இடம்விட்டு அவள் எழுந்து சுவரோரம் நின்றிருந்தாள்.

நாலு மணிக்கு எடை போட்டார்கள். பத்து கிராம் குறைந்தது. அன்றைக்கு அடித்தது அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு நல்லது, நாலு பழுது என்று முப்பிடாதியே தன் கையால் சீட்டில் எழுதியிருந்தாள். சிவப்புத் தட்டில் மூன்றுதான் இருந்தது.

கிரில் கதவைப் பூட்டினார்கள். பதினேழு பேர் உள்ளே. தரையைக் கூட்டினார்கள், மெஷினுக்கு அடியில் டார்ச் விளக்கைப் போட்டுத் தேடினார்கள், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள், கக்கூஸ் குழாயைக்கூடக் கழற்றினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக டிடெக்டர் வழியாக நடக்கவிட்டார்கள். பதினாறு பேருக்கும் அது வாயைத் திறக்கவில்லை. பதினேழாவதாக முப்பிடாதி நடந்தாள். அலறியது.

தினமும் அலறுவதுதான். ஆனால் அன்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சரக்குக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளர் பஞ்சாபகேசன். மாட்டுங்காக்காரர், ஐம்பத்தெட்டு வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்கோம்மா. உங்க காலுக்குள்ள கம்பி இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா மெஷின் கத்தறது கம்பிக்கா, வேற எதுக்காவதான்னு மெஷினுக்குத் தெரியாதே. ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“கேமரால பாருங்க சார். நான் சுவத்தோரமால்லா நின்னேன்?”

“பாத்தாச்சு. அந்த அஞ்சு நிமிஷம் வெறும் முதுகுதான் தெரியறது.”

“அந்த முதுகுக்காரங்களக் கேக்கலாம்லா?”

பஞ்சாபகேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைக் கொண்டுவரச் சொன்னார். சின்ன சேட் சாயங்கால விமானத்தில் துபாய் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டு, உங்கள் விருந்தாளி திருடினாரா என்று யார் கேட்பது?

இரண்டு காவல்காரர்கள் நடுவில் உட்காரவைத்து அவளைக் காரில் செம்பூர் நாக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் சென்டரில் முதலில் தொடை, அப்புறம் விழுங்கியிருப்பாளோ என்று வயிறு. சட்டையை மாற்றி, குளிர்ந்த பலகையில் படுத்து, மூச்சைப் பிடி என்று சொன்னபோது பிடித்துக்கொண்டு, விடு என்று சொன்னபோதும் அவளால் விட முடியவில்லை. படத்தில் கம்பி தெரிந்தது, நாலு திருகாணி தெரிந்தது, வேறெதுவும் இல்லை. படத்தை உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, பஞ்சாபகேசன் போனில் சொன்னார்: “நாளைக்கு வர வேண்டாம். நானே கூப்பிடறேன்.”

அவர் கூப்பிடவில்லை. வேலையை விட்டு நீக்கியதாகக் கடிதமும் வரவில்லை. வேறு இடம் தேடலாமென்றால், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் தங்கம் புழங்கும் எந்த இடத்திலும் வாசலுக்குள்கூட விடமாட்டார்கள். அதற்குமேல், பம்பாயில் தங்க வேலைக்காரர்களின் உலகம் ஒரு கைக்குட்டை அளவுதான். அந்தேரியில் ஒரு நகைக் கம்பெனி சூப்பர்வைசர், முன்பு இரண்டு தடவை அவளை வேலைக்குக் கூப்பிட்டவர், இப்போது அவள் போனை எடுக்கவே இல்லை.

தாராவியில் அவர்கள் வீடு மாடியில். இரும்பு ஏணியில் பதினொரு படி. பத்தொன்பது வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர அந்த வீட்டைப் பகலில் அவள் பார்த்ததில்லை. வெயில் பதினொன்றரைக்கு வந்து, சிலிண்டர்மேல் சற்று நேரம் கிடந்து, பன்னிரண்டுக்குப் போய்விடும் என்பது இப்போதுதான் தெரிந்தது. முதல் நாலு நாள் பாத்திரமெல்லாம் விளக்கினாள். ஐந்தாம் நாள் செக்யூரிட்டி ஏஜென்சி ஆள் ஒருவன் சந்துக்குள் வந்து, முப்பிடாதி வீட்டில் புதிதாக ஃப்ரிட்ஜ், டிவி ஏதாவது வாங்கினார்களா என்று கீழ்வீட்டில் விசாரித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் பிடிக்கவும் இறங்கவில்லை. மகள் கலைச்செல்வி ஆபீஸ் போகுமுன் பிடித்து வைத்தாள்.

ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த அவள் புருஷன் செல்லப்பாண்டி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். டிராம்பே தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் அவன். அதிகம் பேசுகிறவன் இல்லை.

“ஏட்டி, கொஞ்ச நாள் சங்கரன்கோயிலுக்குப் போயிட்டு வாயேன். உங்க அண்ணன் வீட்ல இரு. இங்கன கெடந்து வேகுத.”

“போனா என்ன சொல்லுவாவ? எடுத்துட்டு ஊருக்கு ஓடிட்டான்னு சொல்ல மாட்டாவளா?”

“அப்ப இங்கனயே இரு.”

“இருந்தா மட்டும்? இருக்கேன், பாக்கியல்லா.”

அவன் சோற்றைப் பிசைந்தான். ஒரு கவளம் வாய்க்குப் போகவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“நீ எடுக்கலல்லா?”

முப்பிடாதி அவனைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவன். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையைக்கூட டெப்போவில் கொடுத்துவிட்டு வருகிறவன். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருக்க முடியாமல்தான் கேட்டான். அதுதான் அவளைக் கீழே தள்ளியது. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ரசத்தை இறக்கி வைத்தாள். “எடுக்கல” என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லவேண்டி வந்ததே என்றுதான் அவளுக்கு இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் நஸ்ரீன் ஒரு வீடியோ அனுப்பினாள். கூடவே ஒரு வரி: ‘நம்ம ரஜியாவைப் பாரு தீதி.’ பழைய காசு சேகரிக்கிற பணக்காரர் ஒருவர் தன் சேகரிப்பைக் காட்டிப் பேசுகிற வீடியோ. கடைசியில் ஒரு தங்கக் காசை உள்ளங்கையில் வைத்து, “இன்னும் வெளியிடாத காசு, நண்பர் ஒருவர் அன்பளிப்பாக என் கையிலேயே தந்தார்” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். கூட்டில் அடைக்காத காசு.

“நிறுத்து, நிறுத்து” என்றாள் முப்பிடாதி. “பெருசாக்கு. குதிரை தலைய.”

கலைச்செல்வி விரலால் விரித்தாள்.

“இன்னும்.”

குதிரையின் காதிலிருந்து விளிம்புவரை ஒரு கீறல். பார்க்கத் தெரியாதவர்களுக்கு அது வெறும் ஒளிக்கோடு. அந்தக் கீறலுக்காகத்தான் அன்று மதியம் அவள் அந்தக் காசைச் சிவப்புத் தட்டில் வைத்தாள். அச்சில் ஒட்டிய ஏதோ தூசியால் வந்தது என்று நினைத்து அச்சைத் துடைக்கவும் சொல்லியிருந்தாள். அந்தக் கோடு அந்த ஒரு காசில் மட்டும்தான் விழுந்திருந்தது. முப்பிடாதி போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“அம்மா, இத உடனே ஃபேஸ்புக்ல போடுவோம்.”

“வேண்டாம். எனக்கு வேலை வேணும். மொதல்ல பஞ்சாபகேசன் சார்ட்ட கேக்கேன்.”

கம்பெனி வாசலில் அவளை உள்ளே விடவில்லை. லிஸ்டில் பேர் இல்லை என்றார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் கிங்ஸ் சர்க்கிளில் இருந்தாள். பஞ்சாபகேசன் தினமும் நடைப்பயிற்சி முடித்து அங்கேயொரு ஓட்டலில் காபி குடிப்பார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஓட்டலுக்கு வெளியே பூக்கடை ஓரமாக நின்றாள். அவர் வந்தார். அவளைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனை நீட்டினாள். “காது பக்கம் கீறல் பாருங்க சார். நான் ஒதுக்கி வச்ச காசு.”

அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“உங்களுக்குத் தெரியும்.”

“ஒன்பது நாளாத் தெரியும்மா. சின்ன சேட் துபாய்லேர்ந்து வந்தப்போ பேச்சுவாக்குல சொன்னார். ‘அன்னிக்கு ஒண்ணு எடுத்து அவருக்குக் குடுத்துட்டேன், கணக்கச் சரி பண்ணிக்கோங்கோ’ன்னார். சரி பண்ணிட்டேன்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

அவர் பூக்கடைப் பக்கம் பார்த்தார். “சொல்லணும்னுதான் நெனச்சேன். சொன்னா, உங்கள எக்ஸ்ரே எடுத்தது, ஆள் அனுப்பி விசாரிச்சது எல்லாம் வெளில வரும். ஏன் முன்னாடியே என்னைக் கேக்கலைன்னு அவர் என்னைக் கேப்பார். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாறு மாசம் இருக்கு. திங்கக்கெழமை வந்துடுங்கோ. ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்துடலாம்.”

“ஒண்ணும் நடக்காத மாதிரி எப்பிடி சார் உக்காருவேன்? காசு எங்க போச்சு, நான் எடுக்கலன்னு எழுதிக் குடுங்க. கம்பெனி பேப்பர்ல.”

“அது என்னால ஆகாதும்மா.”

“சரி சார்” என்று சொல்லி நகர்ந்து நின்றாள். அவர் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வரும்வரை அங்கேயே நின்றாள். மறுநாள் காலையும் வந்து நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். எதுவும் பேசவில்லை, வழி மறிக்கவில்லை. எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். பூக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்தார், அவள் உட்காரவில்லை. பஞ்சாபகேசனோடு தினமும் காபி குடிக்கும் நண்பர்கள் ‘யார் இந்த அம்மா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் அவர் நடைப்பயிற்சி உடையில் வரவில்லை. ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு கவரோடு வந்தார்.

“நானே டைப் அடிச்சேன்” என்றார். “நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இனிமே என்ன ஆகுமோ ஆகட்டும்.”

கலைச்செல்வி வீட்டில் வாசித்துக் காட்டினாள். மூன்றே வரி. எடைக் குறைவு உள் நிர்வாகப் பிழையால் நேர்ந்தது, முப்பிடாதியம்மாளுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை, அவரது பத்தொன்பது ஆண்டுப் பணி குறையற்றது. செல்லப்பாண்டி அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தான். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். முழுதும் படித்து முடிக்கும்வரை அவன் தாளைக் கீழே வைக்கவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய், பத்து நகல் எடுத்து வந்தான். கீழ்வீட்டுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய் பக்கத்துச் சங்க ஆபீசுக்கு ஒன்று என்று அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள். பதினாறு பேரும் தலையைக் குனிந்து வேலை பார்த்தார்கள். முப்பிடாதி தன் நாற்காலியில் உட்காராமல் நஸ்ரீனிடம் தாளைக் கொடுத்தாள். “சத்தமா வாசி. இந்தில சொல்லு.”

நஸ்ரீன் எழுந்து நின்று வாசித்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். வாசலில் நின்ற மாலதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உருக்கும் அடுப்பில் நிற்கிற பெரியவர் கிட்டே வந்து, “என் மனசுலயும் சந்தேகம் இருந்தது தங்கச்சி. மன்னிச்சுடு” என்றார். முப்பிடாதி தலையசைத்தாள். லேசாகிவிடும் என்று நினைத்து வந்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து லென்ஸை இழுத்துக்கொண்டபோது அறை முன்பைவிடச் சின்னதாக இருந்தது.

அவள் இல்லாமல் நின்றிருந்த ரஜியா ஆர்டர் மூன்று வாரம் கழித்து முடிந்தது. டிரஸ்டுக்கு அனுப்புமுன் சின்ன சேட் வந்து ஒரு தட்டைத் திறந்து பார்த்தார். பஞ்சாபகேசன் பின்னால் நின்றார்.

“அருமையா இருக்கு. யார் செக் பண்ணினது?”

“நான்தான் சேட்.”

“வெரி குட், மௌசி.” வயதில் மூத்த பெண்கள் எல்லாரும் அவருக்கு மௌசி, அதாவது சித்தி.

அவர் முகத்தில் கூச்சமோ, தயக்கமோ எதுவும் இல்லை. அப்போதுதான் முப்பிடாதிக்குப் புரிந்தது. இவருக்கு எதுவுமே தெரியாது. அவளைக் காரில் கூட்டிப்போனது, பலகையில் படுக்கவைத்தது, மூன்று வாரம் வீட்டுக்குள் முடக்கி வைத்தது என்று ஒன்றுமே அவர் காதுக்குப் போகவில்லை.

“சேட், நீங்க விருந்தாளிக்குக் குடுத்தீங்களே ஒரு காசு, அதுக்காக என்னை எக்ஸ்ரே எடுத்தாங்க” என்றாள் இந்தியில். குரல் உயரவில்லை. “திருடின்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அவர் பஞ்சாபகேசனைத் திரும்பிப் பார்த்தார். பஞ்சாபகேசன் தரையைப் பார்த்தார். “அரே” என்றார் சின்ன சேட். “இத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே. ஸாரி மௌசி, வெரி ஸாரி.” போன் அடித்தது. கையைக் காட்டிவிட்டு, பேசிக்கொண்டே வெளியே போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பஞ்சாபகேசனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி கலைச்செல்வியிடம் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். “இதையும் சேத்து வச்சு, வேற எங்கயாவது வேலைக்கு எழுதிப் போடு. தங்கமா இல்லாட்டியும் பரவால்ல. ஜன்னல் இருக்குற எடமாப் பாரு.”

இதுவரை ஏழு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆறு இடத்திலிருந்து பேச்சு மூச்சில்லை. விக்ரோலியில் மூக்குக்கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்று மட்டும் பதில் போட்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒரு எழுத்துத் தேர்வாம், இங்கிலீஷில். முப்பிடாதி தினமும் வேலை முடிந்து வந்து, மகள் எழுதிக் கொடுத்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகளை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.